அழுகாச்சியின் சொந்த அழுகை

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் அழுகாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிப் பெயர்தான். ஆனால் அதில் கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்தது. நாவல்களைத் தொடர் நாடகமாக்கி, கைபேசியில் கேட்கும்படி வெளியிடுகிற சின்ன நிறுவனம் அது. குரல் கொடுப்பவர்கள் நாலைந்து பேர்தான். ஒருவர் அப்பா, போலீஸ்காரர், டாக்டர் மூவருக்கும் பேசுவார். ஒருத்தி குழந்தைகளுக்கும் கல்லூரிப் பெண்களுக்கும். விதவை என்று வந்துவிட்டால் மட்டும் யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை. நாலு பக்கம் புரட்டியதுமே டைரக்டர், "இது நம்ம அழுகாச்சிக்கு" என்று தனியே எடுத்து வைத்துவிடுவார்.

அவளுக்கு வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. நாவல் எழுதுகிறவர்களுக்கு விதவைகள் மேல் அப்படி ஒரு பிரியம். இருமி இருமிச் சாகிற விதவை, கொழுந்தன் பிள்ளைகளை வளர்த்தே தேய்ந்துபோகிற விதவை, ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டுவிட்டு அதற்காகக் கிணற்றில் விழுகிற விதவை, நல்ல மனசுள்ள வாத்தியார் ஒருவர் கைகொடுத்துக் கரையேற்றுகிற விதவை என்று எத்தனையோ பேருக்கு அவள் பேசியிருக்கிறாள். எல்லோரும் அழகாக இருந்தார்கள். எல்லோருக்கும் குரல் தழுதழுத்தது. ஒருத்திகூடப் பல் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அழுவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. மூச்சை ஒரே இழுப்பாக இழுக்காமல் துண்டு துண்டாக உள்ளே வாங்க வேண்டும். அதைத் தொண்டையில் நிறுத்தி, முதல் வார்த்தையை வெறும் காற்றாக விட்டு, அடுத்த வார்த்தையில் உடைய வேண்டும். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் அழுதால் இரைச்சல், தள்ளி நின்று அழுதால் பொய். முக்கியமாக, அந்த நேரத்தில் சோகமான எதையும் நினைக்கவே கூடாது. நினைத்தால் மூக்கு அடைத்துக்கொண்டு வசனம் கெட்டுவிடும். அவள் பெரும்பாலும் வீட்டில் ஊறப்போட்ட துணியைப் பற்றி நினைத்துக்கொள்வாள்.

அவள் கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டுக்குப் பின் தெருவில் சின்னப் பட்டறை வைத்திருந்தான். வேலை பார்த்துக்கொண்டே அவள் பேசிய தொடரைச் சத்தமாக ஓடவிடுவான். பழுது பார்க்க வந்தவர்கள் யாராவது, "யாருங்க இது, இப்படி அழுவுது?" என்று கேட்டால் போதும். "என் வீட்டுக்காரிதான். நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்பான்.

சாப்பிடும்போது அவளிடம் விசாரிப்பான். "இந்த மாசம் என்னை எத்தனை தடவை கொன்ன?"

"ரெண்டு. ஒண்ணுல பாம்பு. இன்னொண்ணுல காரணமே சொல்லல, முதல் பக்கத்துலயே போயிட்டீங்க."

"அது பரவால்ல. பாம்புதான் கொஞ்சம் ஓவர்."

அவனுடைய அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார். அவர் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர். மூத்தவர் அதே ஊரில் வேறு பக்கம் குடியிருந்தார். மாமியார் மருமகளின் தொடர்களை ஒன்று விடாமல் கேட்பார். "நேத்து நல்லா அழுத. முந்தாநாள் சரியில்ல, தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு" என்று விமர்சனமும் வைப்பார். பாராட்டு, திட்டு இரண்டுக்கும் அவரிடம் ஒரே முகம்தான்.

ஒருநாள் மத்தியானம், ஒரு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் குனிந்து குழாயை ஒட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். பக்கத்துக் கடைக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு டாக்டர் திரைக்கு வெளியே வந்து நின்றார். ரொம்ப இளவயதுக்காரர். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு, "கொண்டு வரும்போதே இல்லைங்க" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு துண்டு துண்டாக உள்ளே போனது. தொண்டையில் வந்து நின்றது. அடுத்து வரப்போகிற சத்தம் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுடையதில்லை. போன மாதம் பாம்பு கடித்தவனின் மனைவிக்காகப் போட்ட அழுகை. அதை இங்கே, இவனுக்காக எடுத்து விட அவளுக்குக் கூசியது. வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு, திரைக்குள் அவன் கால்களைப் பார்த்துவிட்டு, "அவரோட இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் தொழில் தெரியும். அழுவதற்கென்றே பேர் வாங்கியவள் என்பதால் ஒருவித எதிர்பார்ப்போடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தாள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். அடுக்களையில் யாரோ ஒரு பெண், "மைக் வெச்சாதான் அழுவா போல" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை அப்படித்தானோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த வாரங்களில் தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. துக்கம் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஓர் அறைக்குள் போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பாள். அவன் நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால் வருகிற எரிச்சல் சாயங்காலமானால் சரியாக வந்துவிடும். அவன் காரியத்துக்கு யார் யார் வந்தார்கள், யார் என்ன உளறினார்கள், யார் சாப்பாட்டைக் குறை சொன்னார்கள் என்பதையெல்லாம் அவனிடம்தான் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று தோன்றும். சொல்லப் போகிற ஆர்வத்தோடு திரும்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் நினைவு வரும். இப்படி ஒரு கட்டம் அவள் பேசிய எந்த நாவலிலும் வந்ததில்லை. அதனால் இதற்கு எந்தக் குரல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனின் அண்ணன் வந்தார். நல்லவர்தான். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"இங்க பாரும்மா. பட்டறையை நான் பாத்துக்கறேன், சாவியைக் குடுத்துடு. நீ இனிமே அங்க இங்க போய் அலைய வேண்டாம். அதுவும் அந்த வேலைக்கு. நெஜமாவே இப்படி ஆன பிறகு, அங்க போய் அதையே நடிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? கேக்கறவன் என்ன நெனப்பான்?"

அவள் யோசித்தாள். அவர் சொல்வதில் ஏதோ நியாயம் இருப்பது மாதிரியும் பட்டது. ஆனால் அது என்ன நியாயம் என்று கையில் சிக்கவில்லை. முன்பு நடித்தால் சரி, இப்போது நடித்தால் தப்பா? அல்லது முன்பு நடித்ததுதான் தப்பா?

"ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கே வந்துடுங்க. பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. உங்க அக்காவுக்கும் ஒத்தாசையா இருக்கும்." அக்கா என்று அவர் சொன்னது தன் மனைவியை.

பின்னாடி ரூம் எல்லா நாவலிலும் உண்டு. கொழுந்தன் பிள்ளைகளை வளர்த்துத் தேய்ந்தவள் அந்த ரூமில்தான் தேய்ந்தாள். அவளிடம் இப்படித்தான் ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதில் இவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"உங்க இஷ்டம் மாமா" என்றாள். குரல் சரியான இடத்தில் தாழ்ந்து, சரியான இடத்தில் நின்றது. சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தான் இல்லை என்று திடுக்கிட்டாள். அவர் அதற்குள் திருப்தியோடு தலையாட்டிவிட்டார். பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு, ஆகட்டும், மெதுவாக வீடு மாறலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது அவள் உடுத்தியிருந்த ஆரஞ்சு நிறத் துணியை ஒரு தடவை பார்த்தார். அவர் போன பிறகு அவள் போய் உடை மாற்றிக்கொண்டாள். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், நாவல் அட்டையில் படம் போட்ட விதவை மாதிரி இருந்தது. திரும்பவும் ஆரஞ்சையே போட்டாள். அதுவும் சரியாகப் படவில்லை.

டைரக்டர் போனில் பேசினார். ரொம்ப வருத்தப்பட்டார். "நிதானமா வாங்க. ஆனா தொடர் பாதியில நிக்குது. வேற யாரையாவது போட்டா கேக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இனிமே உங்களுக்கு அது ரொம்ப இயல்பாவே…" என்று தொடங்கி, தான் என்ன சொல்ல வந்தோம் என்று உணர்ந்தவராகப் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அவளை வேலைக்கு அனுப்பியது கடைசியில் மாமியார்தான்.

"அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுட்டு இருக்கா" என்றார் ஒருநாள் காலையில், டீயை ஆற்றிக்கொண்டே. "லாரி வந்து நிக்குது. அதுக்கு மேல எபிசோட் ஒண்ணையும் காணோம். லாரியில யாரு?"

"அவ புருஷன், அத்தை. செத்துப் போய்க் கொண்டு வர்றாங்க."

"அது எனக்கே தெரிஞ்சு போச்சு. அவ என்ன பண்ணினா?"

"நான் இன்னும் பேசல."

"அப்ப போய்ப் பேசிட்டு வா. எத்தன நாள் அவ வாசல்லயே நிப்பா?"

அவள் போனாள். கூடத்தில் எல்லோரும் மெல்லிய குரலில் பேசினார்கள். அழுகாச்சி என்று யாரும் கூப்பிடவில்லை. பெயர் இல்லாமல் வெறுமனே "வாங்க, உக்காருங்க" என்றார்கள். அது அவளுக்கு ரொம்ப அந்நியமாக இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாளைப் பிரித்தாள். லாரி நிற்கிறது. அவள் ஓடி வருகிறாள். விழுகிறாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க, நான் யாருக்காக இருக்கணும்" என்று கதறுகிறாள்.

முதல் டேக்கிலேயே முடிந்துவிட்டது. மூச்சு துண்டு துண்டாக வந்தது, உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் எழுந்தே நின்றுவிட்டார். அவள் அந்த நேரத்தில் ஊறப்போட்ட துணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் துணி பாதியாகக் குறைந்துவிட்டது, அலசுவது சுலபம் என்று நினைத்தாள். அழுகை அவ்வளவு நன்றாக வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றாள்.

"எதுக்கு? இதுக்கு மேல என்ன இருக்கு?"

"ஒரே ஒரு தடவை, சார்."

இந்தத் தடவை அவள் அழவில்லை. ஓடி வருகிற மூச்சு மட்டும் இருந்தது. லாரி நின்றதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சாதாரணக் குரலில், கடைக்காரனிடம் கேட்பது போல், "அவரோட இன்னொரு செருப்பு எங்க?" என்றாள்.

டைரக்டர் உள்ளே வந்து அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதரில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"இது தாள்ல இல்ல."

"இல்ல சார்."

"எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா வண்டி ஓட்டிக்கிட்டு, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டுக் கேக்கறவங்களுக்கு இது புரியாது. என்னடா, புருஷன் செத்திருக்கான், இவ செருப்பைக் கேக்கறாளேன்னு சிரிச்சிடுவாங்க. முதல்ல எடுத்ததையே போட்டுடலாம். சரியா?"

சரி என்றாள். அவர் சொன்னதும் சரி என்றுதான் தோன்றியது. அவளே அதைக் கேட்டால் சிரித்திருக்கலாம்.

அன்று அந்த நாவலை எழுதியவரும் வந்திருந்தார். ரிட்டையரான கணக்கு அதிகாரி. எல்லோரும் ரைட்டர் சார் என்பார்கள். பையில் எப்போதும் இருமல் மாத்திரை வைத்திருப்பார். வெளியே மரத்தடியில் டீ குடிக்கும்போது அவள் அவரிடம் போனாள்.

"ஒரு சந்தேகம் சார். நீங்க எழுதினீங்களே அந்தப் பொண்ணு, அவ மத்தியானத்துல என்ன பண்ணுவா?"

"மத்தியானத்துலயா?"

"காலையில அழறா. சாயங்காலம் ஜன்னல்ல நிக்கறா. நடுவுல?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அவ எங்க சித்தி மாதிரி. சித்தியை மனசுல வெச்சுத்தான் எழுதினேன். ஆனா அவங்களை நான் ஏதாவது விசேஷத்துல ஓரமா நிக்கறப்பதான் பாத்திருக்கேன். மத்தியானத்துல பாத்ததில்ல." பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க சொல்லுங்களேன். என்ன பண்ணுவா?" என்றார்.

அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். நேற்று மத்தியானம் தான் என்ன செய்தோம்? படுக்கை விரிப்பை மாற்றினோமா? தூங்கினோமா? ஒரு கதவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோமா?

"தெரியல சார்" என்றாள். இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

லாரி எபிசோட் வெளியான அன்று மாமியார் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைபேசியை மேஜை நடுவில் வைத்தார். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். லாரி நின்றது. கதறல் தொடங்கியது. மாமியாரின் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. மகன் செத்தபோதுகூட அவர் இப்படி அழுது அவள் பார்க்கவில்லை. மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பாவம், எப்படி அழறா பாரு" என்று அவளிடமே சொன்னார்.

அவ்வளவுதான். அவளுக்குள் எங்கேயோ ஏதோ கழன்றது. முதலில் தோள்தான் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், அடங்கவில்லை. சிரிப்பு பீறிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மூச்சுத் திணறச் சிரித்தாள். மூச்சு எந்த முறையிலும் இல்லாமல் தறிகெட்டுப் போய் வந்தது. மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன்காரர் உள்ளே நுழைந்தார். வீடு மாற்றுவதற்கு வண்டி பேசியாகிவிட்டது என்று சொல்ல வந்தவர். வாசலிலேயே நின்றுவிட்டார். தம்பி செத்து இன்னும் துணிகூட எடுத்து வைக்கவில்லை, அவன் பெண்டாட்டி மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா இது?" என்றார், அம்மாவைப் பார்த்து. "சிரிக்கறாளா இவ?"

மாமியார் கைபேசியை நிறுத்தினார். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அழுதுக்கிட்டு இருக்கா. இத்தனை நாள் வராதது இன்னைக்குத்தான் வந்திருக்கு. வந்தவன் அப்படியே நின்னா எப்படி, போய்த் தண்ணி கொண்டா."

அவர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். திரும்பி வந்து பார்த்தபோது அவள் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. உதடு கோணியிருந்தது. அவருக்கும் கண் கலங்கிவிட்டது. டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டி விஷயத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

மாமியாரே எடுத்தார். "நாங்க எங்கயும் வரல. உன் வீட்டுப் பின் ரூம்ல சிக்னல் எடுக்காது. போன தடவை வந்தப்ப ரெண்டு எபிசோட் போச்சு எனக்கு."

"அம்மா, சிக்னலுக்காகவா…"

"வேற எதுக்கு? எனக்கு என்ன வேலை இருக்கு?"

அவர் ரொம்ப நேரம் பேசிப் பார்த்தார். பாதுகாப்பு என்றார், ஊர் வாய் என்றார். மாமியார் எல்லாவற்றுக்கும் சிக்னல் என்றே பதில் சொன்னார். கடைசியில் அவர், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறைச் சாவியைத் திருப்பித் தரவில்லை. அங்கே வேறொரு மெக்கானிக்கைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். சாவியைக் கேட்டு வாங்கியிருக்கலாமோ என்று அவள் பிற்பாடு பல தடவை யோசித்தாள். கேட்க வேண்டிய வாக்கியம் மட்டும் வாயில் கூடிவரவில்லை.

அண்ணன்காரர் போனதும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நான் சிரிச்சேனா அழுதேனா, அத்தை?"

"எனக்கென்ன தெரியும். அவன்கிட்ட எதைச் சொல்லணுமோ அதைச் சொன்னேன்." மாமியார் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினார். பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "உங்க மாமா போனப்ப நான் சுவத்துல போய் முட்டிக்கிட்டேன். ஒரு கதைப் புத்தகத்துல அப்படி வரும், படிச்சிருந்தேன். எல்லாரும் ஓடி வந்து பிடிச்சாங்க. நெத்தி வீங்கினதுதான் மிச்சம்" என்றார்.

"துக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருந்துச்சு. அப்ப வரல. வேற எப்பவோ வந்துச்சு. எப்பன்னு ஞாபகமில்ல."

தொடர் முடிவுக்கு வந்தது. நாவலில் அந்தப் பெண் ஆற்றில் இறங்கிவிடுவாள். ஆனால் கேட்கிறவர்கள் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேர் அவளைக் கதையில் வருகிற வாத்தியாருக்குக் கட்டிக்கொடுக்கச் சொன்னார்கள், மீதிப் பேர் அவள் செத்தால்தான் அழகு என்றார்கள். அவள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று எழுதியவர்கள் யாரும் இல்லை. ரைட்டர் சாருக்கும் குழப்பம். கடைசியில் இரண்டையும் பதிவு செய்துவைத்துக்கொள்வது என்று டைரக்டர் முடிவு செய்தார். அவள் ஒரே நாளில், டீ இடைவேளைக்கு முன்னால் ஆற்றில் இறங்கினாள். டீ குடித்துவிட்டு வந்து வாத்தியாரின் கையைப் பிடித்தாள். இரண்டும் நன்றாகத்தான் வந்தன. ஒலிப்பதிவாளர் இரண்டுக்குமே தலையாட்டினார்.

கல்யாண முடிவைத்தான் வெளியிட்டார்கள். மாமியாரும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். வாத்தியார் பேசினார், அவள் "ம்" என்றாள், பின்னணியில் ஒரு புல்லாங்குழல் ஓடியது, முடிந்துவிட்டது. மாமியார் கைபேசியை நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "ஆனா அந்த வாத்தியாரை இவளுக்குப் பிடிச்சிருந்துதா?"

"அது எழுதல, அத்தை."

"நீதானே பேசின. உனக்குத் தெரியாதா?"

அவள் அந்த "ம்" என்பதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை, வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்தாள்.

"பேசும்போது தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

மாமியார் அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த தொடர் எப்போது ஆரம்பம் என்று கேட்டார். தெரியாது, நாளைக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.